பக்கத்தில் நின்றும் பேச முடியாதவர்கள்: மீட்புப் பணியும் அலைக்கற்றைக் கொள்கையும்

ஒரு போலீஸ்காரர் கையில் இருக்கும் வாக்கி-டாக்கியும் ஒரு தீயணைப்பு வீரர் கையில் இருப்பதும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் இருவரும் ஒரே கட்டடத்தின் வாசலில் பத்தடி இடைவெளியில் நின்றாலும் அவர் பேசுவது இவருக்குக் கேட்காமல் போகலாம். கருவி பழுதாகவில்லை, பேட்டரி தீரவில்லை, சிக்னலும் நன்றாகவே இருக்கிறது. அவருக்கு அரசு ஒதுக்கிய அலைவரிசை வேறு, இவருக்கு ஒதுக்கியது வேறு. அந்த ஒதுக்கீடு பெரும்பாலும் இருபது முப்பது வருடங்களுக்கு முன்னால், இந்த இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கப்போகும் விபத்தை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்தில், ஏதோ ஒரு கோப்பில் முடிவானது.

பேரிடர் நேரத்தில் பேச்சு அறுந்துபோனால் "கருவி பழசு, புதுசு வாங்குங்கள்" என்றுதான் முதலில் குரல் வரும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் யாருக்கு எந்த அலைக்கற்றை, என்ன நிபந்தனையோடு, எந்தத் தேதிக்குள் என்கிற கொள்கை முடிவு ஒழுங்காக இல்லாவிட்டால் புதுக் கருவியும் அதே சுவரில்தான் போய் முட்டும். இதைப் பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே விளக்கப் போகிறேன், ஏனென்றால் தவறு, விசாரணை, திருத்தம், திருத்தத்தில் நடந்த தவறு என்று எல்லாமே அங்கே பொது ஆவணங்களில் விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 150 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் 2 மீட்டர். 800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 சென்டிமீட்டருக்கும் குறைவு. ரேடியோவின் ஆன்டெனா, உள்ளே இருக்கும் வடிகட்டி, பெருக்கி எல்லாமே எந்தப் பட்டையில், அதாவது எந்த அதிர்வெண் எல்லைக்குள், வேலை செய்ய வேண்டுமோ அதற்கென்றே செய்யப்படுபவை. அதனால் 150-க்குச் செய்த ரேடியோவை ஒரு குமிழைத் திருகி 800-க்குக் கொண்டுபோக முடியாது. பல பட்டைகளில் பேசக்கூடிய ரேடியோக்கள் பிற்பாடு வந்தன, ஆனால் அவற்றின் விலையில் ஒரு சின்ன ஊரின் தன்னார்வத் தீயணைப்புக் குழுவால் ஆளுக்கொன்று வாங்க முடியாது. அப்புறம், எல்லாப் பட்டையும் ஒரே குணம் கொண்டதல்ல. அதிர்வெண் குறைந்தால் அலை தூரம் போகும், மலைக்கும் காட்டுக்கும் நல்லது. அதிர்வெண் கூடினால் தூரம் குறையும், ஆனால் மேலே போகப்போக அகலமான காலி இடம் கிடைக்கும், அதிகத் தகவலை அனுப்பலாம். 700 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரண்டும் ஓரளவுக்குச் சேர்ந்து அமைகின்றன: கட்டடச் சுவரைத் தாண்டி உள்ளே போகும், படமும் வீடியோவும் அனுப்பும் அளவுக்கு இடமும் உண்டு. தொலைக்காட்சி நிலையங்கள், செல்போன் நிறுவனங்கள், மீட்புத் துறைகள் மூன்று தரப்புமே இந்த இடத்துக்காகப் பல வருடம் மல்லுக்கட்டியதற்கு இதுதான் காரணம்.

துறைகள் எப்படி இத்தனை பட்டைகளில் சிதறிப்போயின? 1928-ல் டெட்ராய்ட் போலீஸ் ரோந்துக் கார்களுக்கு வானொலியில் தகவல் அனுப்பத் தொடங்கியது. அது ஒருவழிப் பேச்சுதான். காரில் இருப்பவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. அதிலிருந்து அடுத்த ஐம்பது அறுபது வருடங்களில் ஒவ்வொரு ஊரும், ஒவ்வொரு துறையும் வளர வளர, அப்போது எது காலியாக இருந்ததோ அதை எஃப்.சி.சி எனும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ஒதுக்கிக்கொண்டே போனது. முதலில் 50 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அது நிரம்பியதும் 150 பக்கம், பிறகு 450, பெரிய நகரங்களில் தொலைக்காட்சியோடு பகிர்ந்துகொண்டு 470 முதல் 512 வரை, அதன்பின் 800. போலீஸுக்கு ஒரு தொகுப்பு, தீயணைப்புக்கு ஒரு தொகுப்பு, நெடுஞ்சாலைப் பராமரிப்புக்கு ஒன்று, வனத்துறைக்கு ஒன்று என்று விதிப் புத்தகத்திலேயே தனித்தனி வகைகள் இருந்தன. இவற்றையெல்லாம் பொதுப் பாதுகாப்பு என்கிற ஒரே தொகுப்பாக இணைத்தது 1997-ல்தான். அதாவது, துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதற்கான ஏற்பாட்டை எழுபது வருடமாகக் கட்டிக்கொடுத்ததே ஒதுக்கீட்டு முறைதான். ஒவ்வொரு ஒதுக்கீடும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும், எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு மட்டும் யாரிடமும் இல்லை.

1982 ஜனவரி 13. வாஷிங்டனில் கடும் பனி. புறப்பட்ட சில நொடிகளில் ஏர் ஃப்ளோரிடா 90 விமானம் 14-வது தெருப் பாலத்தில் மோதி, பாதி உறைந்துபோன பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும் பாலத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். அதே மதியம் அதே நகரத்தின் மெட்ரோ ரயிலும் தடம்புரண்டது. ஆற்றின் ஒரு கரை வாஷிங்டன், மறு கரை வர்ஜீனியா, நடுவில் கூட்டாட்சி அமைப்புகள், ஆளுக்கொரு ரேடியோ அமைப்பு. ஓடிவந்த துறைகள் பல, அவற்றுக்கிடையே பேச வழியில்லை.

ஐந்து வருடம் கழித்து, 1987-ல், ஒரு நல்ல விதி வந்தது. 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் பொதுப் பாதுகாப்புக்குப் புதிதாக 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இடத்தை ஒதுக்கியபோது அதில் ஐந்து சேனல்களை நாடு முழுவதற்கும் பொதுவாக வைத்தார்கள். ஒன்று கூப்பிடுவதற்கு, நான்கு கூப்பிட்டபின் பேசுவதற்கு. இந்தப் பட்டையில் யார் உரிமம் வாங்கினாலும் அந்த ஐந்தும் அவர்கள் ரேடியோவில் இருக்க வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பகிர்வதை ஆளுடைய நல்லெண்ணத்துக்கு விடாமல் உரிமத்தின் நிபந்தனையாகவே எழுதிவைத்தார்கள். குறை ஒன்றுதான்: 150-லும் 450-லும் பேசிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான துறைகளுக்கு இந்த ஐந்து சேனல்களால் எந்தப் பயனும் இல்லை.

1996-ல் ஒரு ஆலோசனைக் குழு கணக்குப் போட்டுச் சொன்னது: மீட்புத் துறைகளுக்கு 2010-க்குள் இன்னும் 97.5 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும், அதில் ஐந்து வருடத்துக்குள் குறைந்தது 25. அடுத்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. தொலைக்காட்சிச் சேனல் 63, 64, 68, 69 ஆகியவற்றின் இடம், மொத்தம் 24 மெகாஹெர்ட்ஸ், மீட்புத் துறைகளுக்கு. ஐந்து வருடத்துக்குள் கேட்ட 25-க்கு ஏறக்குறையச் சமம், எழுத்தளவில் பெரிய வெற்றி. ஆனால் அந்தச் சேனல்களில் தொலைக்காட்சி நிலையங்கள் அப்போதும் ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. அவை டிஜிட்டலுக்கு மாறி 2006 முடிவுக்குள் வெளியேற வேண்டும் என்று எழுதிய அதே சட்டம், ஒரு பகுதியில் 85 சதவீத வீடுகளாவது டிஜிட்டல் ஒளிபரப்பைப் பெறும் நிலைக்கு வராவிட்டால் அங்கே கெடுவை நீட்டிக்கலாம் என்றும் எழுதியது. 85 சதவீதம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக இடம் ஒதுக்கியாயிற்று, எப்போது கைக்கு வரும் என்பதற்கு உறுதியான தேதி கிடையாது. தேதி இல்லாத ஒதுக்கீட்டை நம்பி எந்த ஊராட்சியும் கோபுரம் கட்டாது, எந்த நிறுவனமும் கருவி தயாரிக்காது.

அந்த நான்கு சேனல்களில் பல நகரங்களில் நாடகமும் விளம்பரமும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் 2001 செப்டம்பர் 11 வந்தது.

அன்று நியூயார்க்கில் என்ன நடந்தது என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ரேடியோ வேலை செய்யவில்லை, அதனால் இறந்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நியூயார்க் தீயணைப்புத் துறையில் மட்டும் 343 பேர் இறந்தார்கள். காலை 9:59-க்கு உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரம் விழுந்தது, 10:28-க்கு வடக்குக் கோபுரம். இடையில் இருந்த 29 நிமிடத்தில் போலீஸ் ஹெலிகாப்டர்களில் இருந்தவர்கள் வடக்குக் கோபுரத்தின் நிலையை மேலிருந்து பார்த்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை போலீஸ் ரேடியோவில் போனது. தீயணைப்புத் தலைமைக்கு அதைக் கேட்க வழியில்லை. 1993-ல் அதே கட்டடத்தில் குண்டு வெடித்தபோதே ரேடியோ பிரச்சினை தெரிந்து, மறுவருடம் அங்கே சிக்னலை வாங்கிப் பெருக்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். அன்று காலை அதை இயக்கும் இரண்டு பொத்தான்களில் ஒன்றுதான் அழுத்தப்பட்டது, அதனால் வடக்குக் கோபுரத்தில் இருந்த தலைவர்கள் அது பழுதென்று நினைத்து ஒதுக்கிவிட்டார்கள். சிலரிடம் ரேடியோவே இல்லை, சிலர் வேறு சேனலில் இருந்தார்கள். வெளியேறும்படி வந்த உத்தரவைக் கேட்ட சிலரும், பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதே தெரியாததால், அவசரத்தை உணரவில்லை. விசாரணை ஆணையம் 2004-ல் தந்த அறிக்கை இதையெல்லாம் அடுக்கிச் சொல்லி, இரு துறைகளும் ஒரே தலைமையின் கீழ் சேர்ந்து இயங்கும் பழக்கம் இல்லாததையும் சேர்த்தே குறை சொன்னது. கூடவே, மீட்புத் துறைகளுக்கு அலைக்கற்றையை விரைந்து ஒதுக்கும் சட்டத்தைக் காங்கிரஸ் ஆதரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அதே நாளில் தாக்கப்பட்ட ராணுவத் தலைமையகமான பென்டகனில் நிலைமை வேறு. அங்கேயும் ரேடியோ நெரிசல் இருந்தது, செல்போன் கிட்டத்தட்ட உதவவே இல்லை, ஆள் விட்டுச் சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் சுற்றுவட்டாரத் துறைகள் அதற்கு முன்பே பரஸ்பர உதவி ஒப்பந்தம் போட்டு, சேர்ந்து பயிற்சி செய்து, யார் தலைமை என்பதில் குழப்பமில்லாமல் இருந்ததால் வேலை ஒழுங்காக நடந்தது. அலைக்கற்றை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. சேர்ந்து பழகியவர்களுக்குக்கூட அலைக்கற்றை இல்லையென்றால் ஓடிப்போய்த்தான் சொல்ல வேண்டும், அலைக்கற்றை இருந்தும் பழகாதவர்கள் பேசமாட்டார்கள். இரண்டும் சேர வேண்டும், ஆனால் பழக்கத்தை ஒரு வருடத்தில் கொண்டுவரலாம், அலைக்கற்றைக்குப் பத்து வருடம் பிடிக்கிறது. முன்கூட்டியே தொடங்க வேண்டியது எது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 2005 ஆகஸ்ட்டில் கத்ரீனா புயல் வந்தது. 38 அவசர அழைப்பு மையங்கள் முடங்கின, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள் போயின. நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் துறைகளின் சொந்த ரேடியோ அமைப்புகள் வெள்ளத்திலும் மின்தடையிலும் விழுந்ததும் எல்லோரும் மிச்சமிருந்த கொஞ்சம் பரஸ்பர உதவிச் சேனல்களுக்கே வந்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே அழுத்துவார், யாருடையதும் முழுசாகக் கேட்காது. பொதுச் சேனல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, போதுமான அளவுக்கு இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி என்று கத்ரீனா காட்டியது. அதன் பிறகுதான், 2006 தொடக்கத்தில், 85 சதவீத ஓட்டையை அடைத்து 2009 பிப்ரவரி 17 என்று உறுதியான தேதி வைத்தார்கள், அதுவும் கடைசியில் ஜூன் 12-க்குத் தள்ளிப்போனது. 1997-ல் ஒதுக்கிய இடம் நாடு முழுக்கக் காலியாகிக் கைக்கு வர 12 வருடம்.

இன்னொரு பக்கம் 800 மெகாஹெர்ட்ஸில் வேறு விதமான சிக்கல். அந்தப் பட்டையில் போலீஸ் சேனலும் நெக்ஸ்டெல் என்கிற செல்போன் நிறுவனத்தின் சேனலும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கலந்து கிடந்தன. ஒரு மாவட்டத்துக்கே போதும் என்று தூரத்தில் உயரமாக நிற்பது போலீஸ் கோபுரம். செல்போன் நிறுவனமோ தாழ்வான கோபுரங்களைத் தெருவுக்குத் தெரு வைக்கும். அப்படியொரு கோபுரத்தின் அடியில் போய் நிற்கும் போலீஸ்காரருக்குத் தன் கட்டுப்பாட்டு அறையின் மெல்லிய சிக்னல் அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். விதியை யாரும் மீறவில்லை, ஒவ்வொருவரும் உரிமத்துக்கு உட்பட்டே ஒலிபரப்பினார்கள். 2004-ல் எஃப்.சி.சி இருவரையும் பிரித்துத் தனித்தனிப் பகுதிக்கு மாற்ற உத்தரவிட்டது. செலவை நெக்ஸ்டெல் ஏற்க வேண்டும், பதிலுக்கு 1.9 கிகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். மூன்று வருடத்தில் முடிக்கத் திட்டம். மெக்சிகோ எல்லையில் அந்த நாட்டோடும் ஒத்துப்போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு ரேடியோவையும் கையில் எடுத்து மாற்ற வேண்டியிருந்தது. 2021-ல்தான் முடிந்ததாக அறிவித்தார்கள். ஒருமுறை தவறாகக் கலந்துவிட்டதைப் பிரிக்க 17 வருடம் என்றால், ஒதுக்கும்போதே யார் பக்கத்தில் யார் என்று பார்ப்பது எவ்வளவு முக்கியம்!

இப்போது ஏலத்துக்கு வருவோம். தொலைக்காட்சி காலி செய்த 700 மெகாஹெர்ட்ஸில் மீட்புத் துறைக்குப் போக மிச்சத்தை 2008-ல் ஏலம் விட்டார்கள், 1,900 கோடி டாலருக்கும் மேல் வந்தது. அதில் டி பிளாக் எனும் 10 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் ஒரு புதுமையான நிபந்தனை: வாங்குபவர் மீட்புத் துறையின் பக்கத்து 10 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து நாடு முழுக்க ஒரே வலையமைப்பு கட்டித்தர வேண்டும், சாதாரண நாளில் வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், அவசரத்தில் மீட்புப் பணிக்கு முன்னுரிமை. யோசனை நல்லதுதான். ஆனால் என்ன தரத்தில் கட்ட வேண்டும், எவ்வளவு செலவாகும், மீட்புத் துறைகள் என்ன கட்டணம் தரும் என்பதையெல்லாம் ஏலத்துக்குப் பிறகு பேசித் தீர்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். குறைந்தபட்ச விலை சுமார் 133 கோடி டாலர். வந்த ஒரே கேட்பு 47.2 கோடி. விற்கவில்லை. நிபந்தனை கடுமையாக இருந்ததால் யாரும் வரவில்லை என்று அன்று பலர் எழுதினார்கள். என் பார்வையில் நிபந்தனை தெளிவில்லாமல் இருந்ததுதான் காரணம். கடுமையான நிபந்தனைக்குக்கூட ஒரு நிறுவனம் விலை போட்டுவிடும், தெளிவில்லாததற்கு எப்படிப் போடும்?

பிறகு நான்கு வருட இழுபறி. அந்த 10 மெகாஹெர்ட்ஸை மறுபடி ஏலம் விடலாம், பணத்தை மீட்புத் துறைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தரப்பு. இடத்தையே நேரடியாகக் கொடுங்கள் என்று போலீஸ், தீயணைப்பு அமைப்புகள் ஒரே குரலில். வழக்கமாக நிதிக்காக ஒன்றோடொன்று போட்டியிடும் துறைகள் இந்த விஷயத்தில் சேர்ந்து நின்றன, அதுதான் முடிவை மாற்றியது என்று நினைக்கிறேன். 2012 பிப்ரவரியில் வந்த சட்டம் டி பிளாக்கை அவர்களுக்கே கொடுத்தது, மீட்புத் துறைகளுக்கென்றே நாடு முழுக்க வலையமைப்பு அமைக்க ஃபர்ஸ்ட்நெட் என்கிற அமைப்பை உருவாக்கியது, ஏல வருமானத்திலிருந்து 700 கோடி டாலரும் ஒதுக்கியது. 2017-ல் ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு 25 வருட ஒப்பந்தம். 20 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை, 650 கோடி டாலர் அரசுப் பணம், நிறுவனம் தன் பங்குக்குச் சுமார் 4,000 கோடி டாலர் செலவிட வேண்டும். அந்த வருட முடிவுக்குள் 50 மாநிலங்களும் சேர்ந்துவிட்டன.

இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று முன்னுரிமை, அதாவது நெரிசலில் மீட்புப் பணியாளரின் அழைப்பு முதலில் போகும். இரண்டாவது அதைவிட வலுவானது: இடமே இல்லையென்றால் சாதாரண வாடிக்கையாளரின் இணைப்பை விலக்கிவிட்டு மீட்புப் பணியாளருக்கு இடம் கொடுக்கும். இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2018-ல் கலிஃபோர்னியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெரிய காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறையின் ஒருங்கிணைப்பு வாகனத்துக்கான இணைய இணைப்பு, மாதாந்திர அளவு தீர்ந்துவிட்டது என்று வேகம் குறைக்கப்பட்டது. அது ஃபர்ஸ்ட்நெட் அல்ல, வேறொரு நிறுவனத்தின் சாதாரணத் திட்டம். தங்கள் நடைமுறையைப் பின்பற்றாதது தவறு என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. வணிகச் சந்தாவில் மீட்புப் பணி நடந்தால் வணிக விதிதான் பொருந்தும். அலைக்கற்றை உரிமத்திலேயே முன்னுரிமை எழுதப்பட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஐரோப்பா வேறு வழியில் போனது. 1996-லேயே 380 முதல் 385, 390 முதல் 395 மெகாஹெர்ட்ஸ் வரை அவசர சேவைகளுக்கென்று பல நாடுகள் சேர்ந்து பொதுவாக ஒதுக்க முடிவு செய்தன. அது நேட்டோ படைகள் பயன்படுத்திய பட்டையின் ஒரு பகுதி, ராணுவத்தோடு பேசித்தான் வாங்கினார்கள். மொத்தமே 10 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் பேசிய அளவோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். ஆனால் பல நாடுகளுக்கும் ஒரே இடம், பெரும்பாலான நாடுகளில் டெட்ரா என்கிற ஒரே டிஜிட்டல் தரம். எந்த நாட்டுக்குச் செய்த ரேடியோவும் அடுத்த நாட்டின் பட்டையில் வேலை செய்யும் நிலை வந்ததால் சந்தை பெரிதானது, பல நிறுவனங்கள் போட்டியில் இறங்கின. 2016-ல் நார்வேயும் ஸ்வீடனும் தங்கள் வலையமைப்புகளை இணைத்து, எல்லை தாண்டிப் போகும் ஆம்புலன்ஸ் தன் ரேடியோவிலேயே பேசிக்கொண்டு போகும்படி செய்தன.

டெட்ராவின் இன்னொரு பலம், சேனல்களைப் பங்கிடும் விதம். பழைய முறையில் துறைக்கு ஒரு சேனல்: ஒன்றில் கூட்டம் நெரியும், பக்கத்தில் ஒன்று சும்மா கிடக்கும். புதிய முறையில் எல்லாச் சேனலும் ஒரு பொதுத் தொகுப்பு, எல்லோரும் ஒரே வரிசையில் நின்று எந்தக் கவுன்டர் காலியோ அங்கே போவது போல, பேச அழுத்தும் கணத்தில் காலியாக இருப்பது கிடைக்கும். குழுக்களை மென்பொருளிலேயே அமைக்கலாம், அதனால் விபத்து நடந்த இடத்தில் போலீஸையும் மருத்துவப் பணியாளர்களையும் ஒரே பேச்சுக் குழுவில் சேர்ப்பது கட்டுப்பாட்டு அறையில் சில நொடி வேலை. அமெரிக்காவில் இதே மாதிரி பி25 என்கிற தரம் 1989-லேயே தொடங்கப்பட்டது, ஆனால் பட்டைகள் சிதறிக் கிடந்ததால் அதன் முழுப் பலன் வெகுநாள் கிடைக்கவில்லை.

ஆனால் பொதுப் பட்டை இருந்தும் லண்டன் திணறியது. 2005 ஜூலை 7 அன்று நடந்த குண்டுவெடிப்புகளில் 52 பேர் கொல்லப்பட்டார்கள். சுரங்க ரயில் பாதைக்குள் போன மீட்புப் பணியாளர்களில் பெரும்பாலோரின் ரேடியோ தரைக்கு மேலே இருந்தவர்களோடு பேசவில்லை, படியேறி ஓடிவந்து சொன்னார்கள். 1987-ல் கிங்ஸ் கிராஸ் நிலையத் தீயில் 31 பேர் இறந்தபோதே விசாரணை அறிக்கை இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியிருந்தது. 18 வருடம்! சுரங்கத்துக்குள் சிக்னலைக் கொண்டுபோக யார் செலவு செய்வது என்கிற கேள்விக்குப் பதில் வராமலே அத்தனை காலம் போனது. உரிமம் கொடுக்கும்போது "இத்தனை சதவீத மக்கள்தொகைக்குச் சேவை" என்று மட்டும் எழுதினால் சுரங்கமும் காடும் மலைப்பாதையும் அந்தக் கணக்கில் விழவே விழாது. விபத்து நடப்பது பல நேரம் அங்கேதான். இப்போது பிரிட்டன் டெட்ராவை விட்டு செல்போன் வலையமைப்புக்கு மாற முயல்கிறது, 2019-க்குள் முடிய வேண்டிய மாற்றம் 2029 வரை தள்ளிப்போயிருக்கிறது.

தென்கொரியா நல்ல பாடமும் கசப்பான பாடமும் இரண்டையும் தருகிறது. 2014 ஏப்ரலில் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அரசு 700 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸை மீட்புப் பணிக்கென்று தனியாக ஒதுக்கியது, ரயில்வேயும் கடல்வழித் தகவல்தொடர்பும் அதே பட்டையைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைத்தது, சுமார் 1.5 லட்சம் கோடி வான் (கொரிய நாணயம்) செலவில் 2021-ல் நாடு முழுக்க இயங்க வைத்தது. முடிவெடுத்து ஏழு வருடத்தில் முடித்தது பெரிய விஷயம். ஆனால் 2022 அக்டோபரில் இட்டேவோன் நெரிசலில் 159 பேர் இறந்தபோது என்ன ஆனது? வலையமைப்பு வேலை செய்துகொண்டிருந்தது. போலீஸ் போலீஸோடு பேசியது, தீயணைப்பு தீயணைப்போடு பேசியது. ஒரு துறை இன்னொரு துறையோடு பேச அதைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. பேசும் வழி கையில் இருந்தும் அந்தப் பொத்தானை அழுத்தும் பழக்கம் வரவில்லை. அமெரிக்காவில் 2006-லிருந்து பல துறைகள் சேரும் இடத்தில் குறியீட்டு எண்களை விட்டுவிட்டு எளிய வார்த்தையில் பேசச் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான், ஏனென்றால் ஒரே குறியீட்டு எண்ணுக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு அர்த்தம் இருந்தது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது லேசானதல்ல. வருடத்தில் சில நாள் மட்டுமே முழுதாகப் பயன்படும் ஒன்றுக்காக நூற்றுக்கணக்கான கோடி மதிப்புள்ள அலைக்கற்றையைப் பூட்டிவைக்க வேண்டுமா? பூட்டிவைத்துப் பயனில்லாமல் போன உதாரணமும் உண்டு. 2002-ல் 4.9 கிகாஹெர்ட்ஸில் 50 மெகாஹெர்ட்ஸை எஃப்.சி.சி மீட்புத் துறைக்குக் கொடுத்தது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் தூரம் போகாது, கருவி செய்பவர்களும் குறைவு, இருபது வருடத்துக்கும் மேலாக மிகக் குறைவாகவே பயன்பட்டது. எனவே அளவை மட்டும் பார்த்து "50 கொடுத்தோம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. பொருத்தமான பட்டையில் 20 கொடுத்து, சாதாரண நாளில் வணிகத்துக்குத் திறந்துவிட்டு, அவசரத்தில் உடனே திரும்ப வாங்கும் உரிமையை எழுத்தில் வைத்துக்கொள்வதுதான் இன்றைக்கு எனக்குத் தெரிந்த சிறந்த ஏற்பாடு.

ஆனால் செல்போன் வலையமைப்பு வந்துவிட்டது, பழைய ரேடியோ அலைவரிசைகளை விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயங்காமல் எதிர்க்க வேண்டும். புகைக்குள் இருக்கும் இரண்டு தீயணைப்பு வீரர்கள் எந்தக் கோபுரத்தையும் நம்பாமல் நேருக்கு நேர் பேசியாக வேண்டும். கையடக்க ரேடியோ 3 முதல் 5 வாட் வரை சக்தியோடு ஒலிபரப்பும், சாதாரண செல்போன் 0.2 வாட்தான். செல்போன் தரத்திலும் கோபுரம் இல்லாமல் நேரடியாகப் பேசும் முறையை எழுதியிருக்கிறார்கள், ஆனால் காங்கிரீட் சுவர்களுக்கு நடுவே இவ்வளவு குறைந்த சக்தி எவ்வளவு தூரம் போகும்? ஃபர்ஸ்ட்நெட்டை உருவாக்கிய அதே 2012 சட்டம், பதிலுக்கு, பெரிய நகரங்களின் போலீஸும் தீயணைப்பும் பயன்படுத்திய 470 முதல் 512 வரையான பட்டையைத் திரும்ப எடுத்து ஏலம் விடச் சொன்னது. மாற்றுக்கு இடமே இல்லாத நகரங்கள் எட்டு வருடம் போராடி, 2020 டிசம்பரில்தான் அந்தப் பிரிவை நீக்க வைத்தன. இடைப்பட்ட காலத்தில் பறிபோகப்போகும் பட்டையில் புதிதாக எதிலும் முதலீடு செய்ய முடியாமல் அவை தேங்கி நின்றன.

அடுத்த முடிவு ஏற்கெனவே வாசலில் நிற்கிறது. 2012 சட்டம் ஃபர்ஸ்ட்நெட் ஆணையத்துக்கு 15 வருட ஆயுளைத்தான் எழுதியது, 2027 பிப்ரவரியோடு அது முடிகிறது. ஏடி அண்ட் டி ஒப்பந்தமோ அதற்கு அப்பாலும் 2042 வரை ஓடும். மேற்பார்வை செய்யும் அமைப்பு போய் ஒப்பந்தம் மட்டும் மிஞ்சினால், கோபுரம் எங்கே வேண்டும், சுரங்கத்துக்குள் யார் கொண்டுபோவது, வேறு நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கும் துறையோடு எப்படி இணைப்பது என்றெல்லாம் கேட்க ஆள் இருக்காது. நீட்டிக்கும்போது வெறும் தேதியை மட்டும் மாற்றாமல், வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்பில் இருக்கும் மீட்புப் பணியாளர்கள் ஒரே குழுவில் பேசியாக வேண்டும் என்பதையும், சுரங்கமும் காடும் சேர்ந்த இட அளவுக் கணக்கையும், துறைகள் வருடத்துக்கு ஒருமுறையாவது பொதுச் சேனலில் சேர்ந்து பயிற்சி செய்ததற்கான சான்றையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். 1987-ல் ஐந்து சேனல்களுக்கு எழுதிய அதே மாதிரி, உரிமத்திலேயே.